தறிக்குள் புகுந்த பாட்டு

மைக் செட் போடுகிறவனை ஊர் இரண்டே சமயத்தில்தான் நினைக்கும்: பாட்டு ஓடும்போது 'நிறுத்தச் சொல்லு' என்று, பாட்டு நின்றால் 'எங்கே போய்த் தொலைந்தான்' என்று. காஞ்சிபுரத்தில் இருபத்திரண்டு வருஷமாக இந்த இரண்டையும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று எதற்கும் என் பாக்ஸும் வயரும் போகும்.

போன வருஷம் ஒரு பாட்டு வந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இதைப் படித்து முடிக்கிற வரைக்கும் உங்கள் மண்டைக்குள் அதுதான் ஓடும். டீக்கடையில் அது, ஷேர் ஆட்டோவில் அது, பக்கத்து வீட்டுக்காரர் செல்போனில் அது. வாரா வாரம் வருகிற பட்டியலில் முதலிடத்தை விட்டு அது இறங்கவே இல்லை. நீங்களும் அவதிப்பட்டவர்கள்தானே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரே அதைத் திட்டியது, ஊரே அதைப் போடச் சொன்னது. நடுவில் மாட்டிக்கொண்டவன் நான்.

முதலில் எனக்கும் அதன் மேல் எரிச்சல் மட்டும்தான் இருந்தது. பிறகு சின்ன காஞ்சிபுரத்தில் வசந்தி என்கிற நெசவாளிப் பெண் நெய்துகொண்டிருந்த ஒரு முகூர்த்தப் புடவைக்குள் அந்தப் பாட்டு புகுந்துவிட்டது. அதை என் கண்ணால் பார்த்ததிலிருந்து எரிச்சலோடு கொஞ்சம் பயபக்தியும் சேர்ந்துவிட்டது.

பிஸ்கட் டப்பா

என் மேஜை மேல் எப்போதும் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். வேண்டிய பாட்டைச் சீட்டில் எழுதி, கீழே தன் பெயரையும் எழுதி அதில் போட வேண்டும். பெயர் இல்லாத சீட்டுக்குப் பாட்டு கிடையாது. பாட்டு பிடிக்கவில்லை என்று யாராவது சண்டைக்கு வந்தால் கேட்டவரைக் கை காட்டிவிடலாம் என்பதற்காக நான் வைத்திருக்கிற சட்டம் இது.

ஒரு நாள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கடைக்கு வந்தார். வெள்ளைத் தாளில் முத்து முத்தாக ஒரு மனு. 'இரைச்சலைப் பாட்டென்று விற்கும் இக்கொடுமையை இனி எங்கள் பகுதியில் ஒலிபரப்பக் கூடாது' என்று எழுதி, கீழே நாற்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பெயர்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. முந்தின வாரம் அவர்கள் தெருவில் நடந்த கல்யாணத்துச் சீட்டுகள் டப்பாவிலேயே கிடந்தன. எடுத்து அடுக்கினேன். நாற்பதில் பாதிக்கு மேல் அந்தப் பாட்டைக் கேட்டுச் சீட்டு போட்டவர்கள். அதில் ஒன்று முத்து முத்தான கையெழுத்து.

வாத்தியார் அந்தச் சீட்டைக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு மனுவை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு தடவைக்குத்தான்பா நான் சீட்டு போட்டேன். நாப்பது தடவைக்கா போட்டேன்?"

யாரும் வாசிக்காதது

கீபோர்டு வாசிக்கிற ஜான்சன் எனக்குப் பழைய சிநேகிதர். அவருடைய மெல்லிசைக் குழுவுக்கும் என் செட்டுக்கும் சேர்ந்தே கூப்பிடுவார்கள். அந்தப் பாட்டு வந்த பிறகு எல்லோரும் 'ஒரிஜினலையே போட்டுடுங்க' என்று சொல்ல ஆரம்பித்ததால் ஜான்சனுக்கு அழைப்பு குறைந்துபோனது. கோபத்தில் என் கடைக்கு வந்தவர், ஹெட்போனை மாட்டி, அந்தப் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஏழெட்டுத் தடவை கேட்டார்.

"இதுல மோளமும் மனுஷன் அடிக்கல, கீபோர்டும் மனுஷன் வாசிக்கலண்ணா. அந்தப் பொண்ணு குரலக் கூட வார்த்தை வார்த்தையா வெட்டி ஒட்டியிருக்காங்க" என்றார். பல்லவி வருவதற்குச் சற்று முன்னால் அரை நொடி எல்லாச் சத்தமும் நின்று, பிறகு இடி மாதிரி விழும், நினைவிருக்கிறதா? அதைக்கூட யாரோ அளந்து வெட்டியிருக்கிறார்களாம். திட்டப்போகிறார் என்று பார்த்தேன். அவர் ஹெட்போனைக் கழற்றித் தடவிக் கொடுத்தபடி சொன்னார்: "ஒரு எடத்துல கூட தப்பு இல்ல. தப்பே பண்ணாத ஆளுக்குப் பக்கத்துல நின்னு நான் எப்டிண்ணா வாசிக்கறது?"

கூரத்துப் பத்தர்

கூரத்தில் ஒரு விவசாயி வீட்டில் காதுகுத்து. மாமன் மடியில் உட்கார்ந்திருந்த குழந்தை, காது குத்த வந்த பத்தர் கையில் கம்பியைப் பார்த்த கணத்திலிருந்து ஊரைக் கூட்டியது. பலூன் காட்டினார்கள், வாழைப்பழம் காட்டினார்கள், ஒன்றும் எடுபடவில்லை. தலையை இப்படியும் அப்படியும் திருப்புகிற குழந்தைக்கு எங்கே குத்துவது என்று பத்தர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று அவர் என் பக்கம் திரும்பி அந்தப் பாட்டைப் போடச் சொன்னார். போட்டேன். குழந்தை அழுகையைக் குறைத்து பாக்ஸைப் பார்த்தது. அந்த அரை நொடி வந்தது. எல்லாச் சத்தமும் நிற்கவும், குழந்தை 'எங்கே போச்சு' என்று வாயைத் திறந்தபடி அசையாமல் இருந்தது. இடி விழும்போது ஒரு காது முடிந்திருந்தது. அடுத்த பல்லவிக்கு அடுத்த காது. குழந்தைக்குத் தெரியவே இல்லை.

நான் அசந்துபோய் நின்றேன். பத்தர் கம்பியைத் துணியில் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே சொன்னார்: "எவன் போட்ட பாட்டோ தெரியலபா. அவன் புள்ள பெத்தவனாதான் இருக்கணும்."

வசந்தியின் வேண்டுகோள்

ஆடி மாதம் சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் குடியிருக்கும் ஒரு தெருவில் அம்மன் கோயில் விழா, பத்து நாள். வருஷா வருஷம் என் செட்தான். முதல் நாள் காலை வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது வசந்தி வாசலில் வந்து நின்றாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அதுவரை கடைக்காரர் கொடுக்கிற பாவு நூலில் கூலிக்கு நெய்துகொண்டிருந்தவள். முதல் தடவையாகச் சொந்தமாகப் பாவும் ஜரிகையும் வாங்கி, செவிலிமேட்டில் ஒரு கல்யாணப் பெண்ணின் முகூர்த்தப் புடவையை நேரடியாக ஒப்புக்கொண்டிருந்தாள். விழா முடிகிற அன்றைக்குப் பெண்ணின் அத்தை வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் வசந்தி இனிமேல் சொந்தக்காலில் நிற்கலாம். இல்லையென்றால் மறுபடியும் கடை வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து, "கொறச்சி வெக்கறேம்மா" என்றேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "சத்தம் எவ்ளோ வேணா இருக்கட்டும்ணா, எங்களுக்கு பொறந்ததுலேந்து தறி சத்தம்தான். அந்தப் பாட்டு மட்டும் வேணாம். அது கையப் புடிச்சி இழுக்குது."

கரண்ட் போன மத்தியானம்

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டாவது, கையைப் பிடித்து இழுப்பதாவது? விழாக் கமிட்டித் தலைவர் தணிகாசலமோ மணிக்கு இரண்டு தடவை அந்தப் பாட்டு வந்தாக வேண்டும் என்று நிற்கிறார். அவரும் வீட்டில் தறி வைத்திருப்பவர்தான். நான் போட்டுக்கொண்டே இருந்தேன்.

நான்காம் நாள் மத்தியானம் பாட்டு பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரைக் கிளப்பப் போனவன் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். தெருவின் இரண்டு பக்கமும் கைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. இருபத்திரண்டு வருஷமாகக் கேட்கிற சத்தம்தான். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு விதமாக வரும். அன்றைக்கு எல்லாம் ஒன்றாக வந்தது. ஒரே அடி, ஒரே வேகம். பல்லவி வர வேண்டிய இடம் நெருங்கியது. அரை நொடி, தெரு முழுக்க ஒரு தறிகூட அசையவில்லை. பிறகு அத்தனை தறியும் சேர்ந்து ஒரே அடி அடித்தன.

வீடுகளுக்குள் உட்கார்ந்திருந்த ஒருத்தருக்கும் இது தெரியாது. தெருவில் நின்று கேட்டது நானும், கூடையை இடுப்பில் வைத்திருந்த ஒரு கீரைக்கார அம்மாவும்தான். அந்த அம்மா பாக்ஸைப் பார்த்தார், வீடுகளைப் பார்த்தார், என்னைக் கேட்டார்: "பாட்டுதான் நின்னுடுச்சேபா. தெரு இன்னாத்துக்கு இன்னும் பாடிக்கினு இருக்குது?"

செல்போன் வெளிச்சத்தில்

அன்று சாயங்காலம் வசந்தி என்னை உள்ளே கூப்பிட்டாள். தறியில் புடவை இழுத்துக் கட்டியபடி இருந்தது, அரக்கு நிறம். மேலே இருந்து பார்க்க ஒரு குறையும் இல்லை. அவள் செல்போன் டார்ச்சைத் துணிக்கு அடியில் பிடித்தாள். வழக்கமாக நெய்த இடம் ஒரே சீராக இருந்தது. அதற்கு அப்புறம் ஒரு முழத்துக்கு நெசவு இளகி, நடுநடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடின.

எனக்குப் புரிகிற மாதிரி அவளே சொன்னாள். பாட்டின் வேகத்துக்குக் கை ஓடினால், இழையை நெருக்குகிற பலகை லேசாக அடிக்கும், நெசவு இளகும். அந்த அரை நொடி நின்று இடி விழுகிற இடத்தில் கை தன்னையறியாமல் ஓங்கி அடிக்கும், அங்கே இழைகள் நெருங்கிக் கோடு விழும். நான் கோடுகளை எண்ணிப் பார்த்தேன். மூன்று கோடு, ஒரு இடைவெளி. மறுபடி மூன்று கோடு. அந்தப் பாட்டில் பல்லவி மூன்று தடவை வரும். நான் நான்கு நாளாக ஒலிபரப்பியதெல்லாம் பட்டில் பதிவாகியிருந்தது. இத்தனை வருஷத்தில் என் செட்டுக்கு இப்படி ஒரு ரெக்கார்டிங் அமைந்ததில்லை.

அத்தை வர ஆறு நாள் இருந்தது. ஒரு முழத்தையும் இழை இழையாகப் பிரித்தெடுத்து, திரும்ப நெய்து, மிச்சத்தையும் முடித்தாக வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. முதல் நாளே சொன்னாளே, கேட்டேனா? என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "உங்களத் திட்டறதுக்குக் கூப்புடலண்ணா. நானும் தலைய ஆட்டிக்கினுதான் நெய்ஞ்சேன். பாட்டு நல்லாதான் இருக்குது, அதான் வம்பு."

என் வைத்தியம்

மறுநாள் காலையிலிருந்து அந்தப் பாட்டை நிறுத்தினேன். பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று புளுகினேன். பதிலுக்கு மெதுவான பழைய மெலடியாகப் பொறுக்கி எடுத்து, ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டேன். வேகத்தால் வந்த கோளாறு நிதானத்தால் சரியாகிவிடும் என்பது என் கணக்கு.

பதினோரு மணிக்குத் தெருவில் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. பன்னிரண்டுக்கு மூன்றாவது வீட்டுக்காரர் தறிக்குழிக்குள் கால் தொங்க, தறியிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். வசந்தி மட்டும் சந்தோஷமாக இருந்தாள். ஊசியால் இழையை எடுத்து எடுத்துப் பிரிக்கிற வேலைக்கு அந்தப் பாட்டுகள் சரியாக இருந்தனவாம். நான் பெருமையோடு திரும்பினால் எதிரில் தணிகாசலம், கண்ணெல்லாம் தூக்கம். "காலையிலேந்து தறியில நாலு விரல் துணி ஏறலபா. நீ பாட்டு போட வந்தியா, எங்கள தூளியில போட வந்தியா?"

தலைவர் வீட்டுத் தறி

அந்தப் பாட்டையே திரும்பப் போடச் சொல்லி அவர் பிடிவாதம் பிடித்தார். வேறு வழி தெரியாமல் அவரை அவர் வீட்டுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போய், அவர் தறிக்கு அடியில் டார்ச்சைப் பிடித்தேன். மூன்று கோடு, ஒரு இடைவெளி, மூன்று கோடு.

மனிதர் குனிந்து அந்தக் கோடுகளைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். பிறகு வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார், எதிர் வீட்டைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் தெருவில் எல்லா வீட்டிலும் தறிக்கு அடியில் வெளிச்சம். ஒரு வீட்டில் பச்சை, ஒரு வீட்டில் மாம்பழ நிறம், ஒரு வீட்டில் மயில் கழுத்து. எல்லாவற்றிலும் அதே கோடு, அதே இடைவெளி. ஒருத்தரும் வாசிக்காத பாட்டை ஒரு தெருவே சேர்ந்து நெய்திருந்தது. நெசவுக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள், ஆனால் டார்ச்சை அணைக்க யாருக்கும் மனசு வரவில்லை. நான் கோயிலில்கூட அப்படி ஓர் அமைதியைப் பார்த்ததில்லை.

கமிட்டி அங்கேயே கூடியது. தறி ஓடுகிற நேரத்தில் பூஜைக்கு நாதஸ்வரம் மட்டும், மற்றபடி பாக்ஸ் மூடியிருக்க வேண்டும். மத்தியானம் சாப்பிட எழுந்ததும், சாயங்காலம் வேலை முடிந்ததும் நான் எதை வேண்டுமானாலும் போடலாம். அந்தப் பாட்டையுமா என்று தயங்கிக் கேட்டேன். தணிகாசலம் சொன்னார்: "அதத்தான்பா மொதல்ல போடணும். தறிக்குழிய வுட்டு ஏறிட்டா காலு சும்மாதான இருக்குது."

அத்தையின் கை

விழா முடிகிற அன்று பெண்ணின் அத்தை வந்தார். பட்டுக் கடையில் இருபது வருஷம் புடவை பிரித்துக் காட்டியவர் என்று சொன்னார்கள். வயர் சுருட்டுகிற சாக்கில் நான் வசந்தி வீட்டு வாசலிலேயே இருந்தேன். முந்தின நாள்தான் புடவை தறியிலிருந்து இறங்கியிருந்தது. ஆறு நாளில் அவள் கண் உள்ளே போயிருந்தது.

அத்தை புடவையைப் பாயில் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, முந்தியிலிருந்து உள்ளங்கையை ஓட்டிக்கொண்டே வந்தார். பாதி தாண்டியதும் கை நின்றது. பிரித்து நெய்த முழம் அங்கேதான் ஆரம்பம் என்று எனக்குத் தெரியும். வசந்தி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை கையைப் பின்னால் கொண்டுபோனார், மறுபடி முன்னால் கொண்டுவந்தார். "இங்க மட்டும் இன்னும் பொறுமையா நெய்ஞ்சிக்கிற. இன்னாமா ஆச்சு இங்க?" என்று கேட்டார்.

வசந்தி மறைக்கவில்லை. பாட்டு, கோடு, பிரித்தது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வாங்க வந்தவரிடம் இதையெல்லாம் சொல்வார்களா? அத்தை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பிறகு புடவையை மடிப்புக் கலையாமல் மடித்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "என் பொண்ணுக்குத் தை மாசம் முகூர்த்தம். இப்பவே பாவு வாங்கி வெச்சிடு."

கடைசிச் சீட்டு

ஆவணியில் செவிலிமேட்டு மண்டபத்தில் அந்தக் கல்யாணம். செட் என்னுடையதுதான். தாலி கட்டி முடிந்து, பந்தி நடந்துகொண்டிருந்தது. பிஸ்கட் டப்பா நிரம்பிவிட்டது. பிரித்தால் வரிசையாக அந்தப் பாட்டுதான். நான் போடாமல் இழுத்தடித்தேன். இரண்டாவது வரிசையில், நாற்காலியில், வசந்தி உட்கார்ந்திருந்தாள். பெண்ணின் அத்தையே கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தார். அவள் எதிரில் அதைப் போட எனக்கு மனசு வரவில்லை.

டப்பாவின் அடியில் ஒரு சீட்டு மிச்சம் இருந்தது. அதிலும் அந்தப் பாட்டுதான். கீழே பெயர், என் சட்டப்படி தெளிவாக எழுதியிருந்தது: வசந்தி.

போட்டேன். மண்டபம் எழுந்து ஆடியது. அரக்குப் புடவையில் கல்யாணப் பெண்ணும் ஆடினாள். அந்த அரை நொடி வந்தபோது அத்தனை பேரும் நின்றார்கள். அந்த அமைதியில் பட்டு உரசுகிற சத்தம் என் மேஜை வரைக்கும் கேட்டது. இடி விழுந்தது. நான் குனிந்து பார்த்தேன். நாற்காலிக்கு அடியில் வசந்தியின் வலது கால் சரியாக அதே நேரத்தில் தரையில் இறங்கியது. நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "இப்பதான் நான் தறியில இல்லியேண்ணா. இன்னொரு தடவை போடுங்க."

முதலிடத்திலிருந்து அந்தப் பாட்டை இறக்க நாட்டில் யாராலும் முடியவில்லை; எங்கள் ஊரில் ஒரு தெரு மட்டும் அதைச் சாப்பாட்டு வேளை வரைக்கும் வாசலில் காத்திருக்க வைத்தது.